வெளிச்சம் பிடித்தவள்

குறிஞ்சிப்பாடி
14.6.2009

அன்பு மகன் ஸ்ரீதருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், சிதம்பரத்தில் உன் தங்கை காயத்ரியும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம், அதேபோல ஆஸ்திரேலியாவில் நீயும் அந்தக் குளிரைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பெரிய மனுஷன் மாதிரி போகிறவர் வருகிறவரை எல்லாம் விசாரிக்கிறார், பேப்பர் மட்டும் இன்னும் இரண்டு வாரம் படிக்கக் கூடாதாம், அதனால் அதையும் நானே படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. வெயில் இன்னும் குறையவில்லை. காயத்ரி குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது, ஆட்டைப் பார்த்தாலும் தாத்தா என்கிறது, பஸ்ஸைப் பார்த்தாலும் தாத்தா என்கிறது, உன் அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பண்ணையில் ஆடுகள் குட்டி போடுகிற சமயம், நரி வந்து தூக்கிக்கொண்டு போகிறது, அதனால் ராத்திரியில் முதலாளியோடு ஜீப்பில் போகிறேன் என்றாய். "நான் லைட்டுதாம்மா புடிக்கிறன், துப்பாக்கி அவர்தான் வச்சிருக்காரு, நீ பயப்படாத" என்றும் சொன்னாய். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, உங்கம்மா வேலை உனக்கு வந்துடுச்சா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லவும் வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம்மிடம் ஒரு காலத்தில் பயிரைக் காக்க லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது உனக்குத் தெரியும். தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கி வர அப்பா சோம்பல்பட்டு விட்டுவிட்டார் என்று நாம் எல்லோரும் அவரைக் கேலி செய்வோம் இல்லையா. அது சோம்பல் இல்லை. அப்போதெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடித்துவிட்டால் போதும், நரி கூட்டம் கூட்டமாக வந்து செடியைப் பறித்துப் போட்டுவிடும். ஆள் வைத்தால் ஆள் தூங்கிப்போகிறான் என்று, கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே நான்தான் ஐந்து கட்டை டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு அவரோடு போவேன். உண்மையைச் சொன்னால் என் ஆயுசில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ராத்திரிகளில்தான். பகலில் உன் அப்பாவுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் வராது, வரப்பில் நடக்கும்போது மட்டும் சின்ன வயசில் பரங்கிப்பேட்டையில் கப்பல் பார்க்க ஓடிப்போய் அடி வாங்கியதிலிருந்து எல்லாம் கொட்டுவார். பனியில் புடவை முழங்கால் வரைக்கும் நனைந்துவிடும், நாலு செடியைப் பிடுங்கிப் பச்சைக் காயாக உரித்துத் தின்றுகொண்டே நடப்போம். லைட்டை அடித்ததும் கண் இரண்டும் மின்னும். நரி என்றால் ஒரு தடவை பார்க்கும், தலையைத் திருப்பி இரண்டடி ஓடும், நின்று மறுபடி பார்க்கும். ஆடு மாடு என்றால் வெளிச்சத்தையே வெறிக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நான் நரி என்றால் சுடுவார், இல்லை என்றால் துப்பாக்கியை இறக்கிவிடுவார், அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

உனக்கு எட்டு மாதம், பல் முளைக்கிற ஜுரம். மூன்று ராத்திரி நாங்கள் கொல்லைக்குப் போகாததில் கிழக்குப் பக்கம் இரண்டு பாத்தி காலியாகிவிட்டது. அன்றைக்குப் பக்கத்து வீட்டு முத்தம்மாள் பெரியம்மா வந்து, "நீ போ, கொழந்தைய நான் பாத்துக்கறன்" என்று உன்னை மடியில் போட்டுக்கொண்டாள். கொல்லையில் நடக்கிறேனே தவிர மனசெல்லாம் உன்னிடம்தான். கிழக்கு மூலையில் இரண்டு கண் மின்னியது. "என்னாது?" என்று கேட்டார். அந்தக் கண் திரும்பவில்லை, ஓடவில்லை, அப்படியே வெறித்துக்கொண்டு நின்றது, நான் பார்த்தேன் ஸ்ரீதர், பார்த்துவிட்டும், "நரிதான், சுடுங்க, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

அது முத்தம்மாளுடைய கிடேரி. உன்னைப் பார்த்துக்கொள்ள வந்த அவசரத்தில் அவள் சரியாகக் கட்டாமல் வந்து, அது அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறது. புவனகிரியில் அவள் அம்மா வீட்டில் கன்றுக்குட்டியாகக் கொடுத்து, வளர்த்து ஆளாக்கி வைத்திருந்தாள், சொத்து என்று அவளுக்கு அது ஒன்றுதான். மாடு கதறிய சத்தம் கேட்டு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டே ஓடி வந்தவள், முதலில் "கொழந்தைய புடி" என்று உன்னை என் கையில் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகுதான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். உன் அப்பா கும்பிட்டு, "என் கண்ணு தப்பு பண்ணிட்டுது அக்கா" என்றார். நான் சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. உன்னைக் கட்டிக்கொண்டு நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நம் கறவை மாட்டை அவள் கொட்டகையில் கட்டினார், சிதம்பரத்துக்குப் போய் மொட்டை போட்டுக் குளத்தில் முழுகி வந்தார். இரண்டு வருஷம் முத்தம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். என்னிடம் மட்டும் பழையபடி வந்து போனாள், எனக்குப் பேன் பார்த்தாள், உனக்குக் கஞ்சி ஊட்டினாள். அவர்மேல் விழுந்த கோபம் என்மேல் விழுந்திருக்க வேண்டியது. இருபத்துமூன்று வருஷமாக அதை நினைக்காத நாள் இல்லை.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, அவருக்குத் தெரியாமல் அனுப்ப மனசு வராமல் நேற்று சாயந்திரம் அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஒசரமா தெரிஞ்சிது. நரி ஏது இவ்ளோ ஒசரம்னு எனக்கும் தோணுச்சி. நீ சொல்லிட்ட, தப்பா இருக்காதுன்னு சுட்டுட்டன்" என்றார். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். "நீயே அழுதுகிட்டு கெடந்த, உங்கிட்ட என்னான்னு சொல்றது" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நான் அழுதேன், எனக்காக இல்லை, என் ஒரு வார்த்தைக்காகத் தன் கண்ணையே நம்பாமல் போனாரே என்று.

அதனால் நீ லைட்டு மட்டும்தானே பிடிக்கிறேன் என்று இருந்துவிடாதே ராஜா. துப்பாக்கி பிடித்தவன் உன்னை நம்பித்தான் விரலை அசைப்பான். தூக்கம் வந்தாலும், குளிர் வாட்டினாலும், முதலாளி முகம் சுளித்தாலும், சரியாகத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல். அதற்கு இங்கிலீஷில் என்னவோ அதை முதலில் சொல்லிப் பழகிக்கொள்.

காதை மூடிக்கொண்டு போ, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் காயப் போடாதே, வாரம் ஒரு தடவையாவது எண்ணெய் தேய்த்துக் குளி. நூறு வயசு நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு முத்தம்மாள் வீட்டுக்குப் போகிறேன், அப்பாவும் கூட வருகிறேன் என்றார், வேண்டாம், இதை நான் ஒருத்திதான் சொல்ல வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
உ. ராமாமிர்தம்