சஹனுக்குப் போன கை

ஓகஸ்ட் 3, திங்கள்
கச்சான் காற்று. குசினிக்குள்ளும் மணல். வாங்க வேண்டியவை: பால்மா, வெங்காயம், இவருடைய மருந்துக் குளிசை.
பாரிசவாதத்தில் வலக்கை விழுந்ததிலிருந்து இவருக்கு நான்தான் ஊட்டுகிறேன். இடக்கையால் சாப்பிடச் சொன்னால் முகத்தைத் திருப்புகிறார். பிடிவாதத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.
இன்று ஒரு புதினம். கொட்டாவி விட்டார், சும்மா கிடந்த வலக்கை தானாக எழும்பியது! கத்திவிட்டேன். "இப்ப தூக்குங்க" என்றேன். ஏலவில்லை.

ஓகஸ்ட் 6, வியாழன்
பாலத்தில் நெரிசல். கிளினிக்குக்குப் பிந்தித்தான் போனோம். பிசியோ மிஸ்ஸிடம் கொட்டாவிக் கதையைச் சொன்னேன். சிரித்தார்.
"கையில பழுதில்லை அக்கா. மூளையின்ர இடப்பக்கம்தான் அடிபட்டிருக்கு. நினைச்சுத் தூக்கிற கட்டளை வாற வழி பழுது. கொட்டாவிக்கு வாறது வேற வழியால."
"அப்ப இது இனிச் சரிவராதா மிஸ்?"
"விரல் லேசா மடங்குது, அது காணும். மிச்ச நரம்புகள் மெல்ல மெல்லப் பழகும். ஆனா கைக்கு வேலை இருக்கோணும். நீங்கள் ஊட்டினா மூளை ஏன் மினக்கெடப் போகுது? இடக்கையால சாப்பிட மாட்டன் எண்டு நிக்கிறதும் நல்லதுதான். ஊட்டுறதை நிப்பாட்டுங்கோ."
சுருக்கென்றது. பாசத்தில் செய்தது.

செப்டெம்பர் 9, புதன்
பாய் முழுக்கச் சோறு. கோழிகளுக்குக் கொண்டாட்டம். கோபத்தில் தட்டைத் தள்ளினார். அழுதேன், ஆனால் ஊட்டவில்லை. பிறகு அவராகவே ஒரு கவளம். பாதி உடுத்திருந்த சாரத்தில், பாதி வாயில். அந்தப் பாதியை நினைக்க நினைக்கப் பெருமை.
மாலை தம்பி வந்தான், மகளின் கல்யாணம் சொல்ல. "மச்சான், நீங்க எங்கட சஹன்லதான் இருக்கணும்." சஹன் என்றால் ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். இவர் தலை குனிந்தார்.
"நான் வரல்ல. ஆக்கள் தின்ற சோத்துல சிந்துவன்."

ஒக்டோபர் 4, ஞாயிறு
முதல் மழை. கல்யாணம். போனார்! இப்போது வீட்டில் கோழிகளுக்குத்தான் பட்டினி, அந்தத் துணிவில். புதுச் சாரம், அத்தர். இந்த ஊரில் இப்படி ஒரு மனிசன் உண்டா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான், நடுவில் திரை. எனக்குச் சோறு இறங்கவில்லை. சிந்தினாரோ, யாரும் முகம் சுளித்தார்களோ, பாதியில் எழும்பிவிட்டாரோ.
முடிந்து வந்தால் வாசலில் நிற்கிறார். வலக்கையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி. விரலெல்லாம் நெய், மணிக்கட்டு வரை சோறு.
"கை கழுவல்லையா?"
"நீ பாக்கணும் எண்டு வச்சிருக்கன்."