உள்ளே இருந்த காவலும் நான் வாங்கி வந்த காவலும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, கை கால் சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் தொட்டேன். உன் கம்பெனி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இன்னும் மூன்று வாரத்துக்குக் கரை கிடையாது, கடிதம் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடுவோம், அவசரம் என்றால் கப்பலுக்கே செய்தி அனுப்பலாம் என்றார்கள். அவசரமா சார் என்று கேட்டார்கள், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, யார் உயிருக்கும் ஒன்றும் இல்லையே, அதனால் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அவசரம்தான் என்று தோன்றியது, மறுபடி கூப்பிட வெட்கமாக இருந்தது.

அம்மாவின் தொண்டைக் காயம் நன்றாக ஆறிவிட்டது, டாக்டருக்குத் திருப்தி. எடையும் இரண்டு கிலோ கூடியிருக்கிறாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லும் குழாய்க்காரர் வந்தபாடில்லை. பார், உன்னிடம் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் குழாயைப் பற்றி எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் குரல் போய்விட்டது. தொண்டையிலிருந்து போனதைச் சொல்லவில்லை, அது போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் நீ லீவு போட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நாள் அவளைப் பேசவைத்துப் பதிவு செய்து, பொத்தானை அழுத்தினால் அவள் குரலே பேசுகிற மாதிரி கம்ப்யூட்டரில் ஒன்று செய்து கொடுத்தாயே, அதைச் சொல்கிறேன். அதை அழித்துவிட்டேன். வேறு யாரும் இல்லை, நானேதான்.

நீ கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாய். உள்ளேயே ஒரு பாதுகாப்பு இருக்குப்பா, வீட்டுக்கு அதுவே போதும், அப்டேட் கேட்டா மட்டும் விடுங்க, வெளியிலிருந்து எதையும் வாங்கிப் போடாதீங்க என்றாய். நானும் தலையாட்டினேன். போன மாதம் எதிர்வீட்டுக் கணக்காளரின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, அவர் மகளின் கல்யாணப் படங்கள் எல்லாம் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டன. மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. சும்மா கூடவே வர்ற காவலை நம்பி உட்கார்ந்திருக்கீங்களே, அதுவும் நீங்களே செக்யூரிட்டியில இருந்தவர் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அது சுருக்கென்று தைத்தது. முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலை வாசலில் நின்றவன் நான். எங்கள் வாசலில் எப்போதும் இரண்டு பேர், ஒருவர் கம்பெனி ஆள், ஒருவர் வெளி ஏஜென்சி ஆள். ஒருவர் அசந்தால் இன்னொருவர் பார்ப்பார். அதே கணக்கைத்தான் கம்ப்யூட்டருக்கும் போட்டேன். போய் ஒரு ஆன்டிவைரஸ் வாங்கி வந்து, பெட்டியில் எழுதியிருந்தபடியே நானே ஏற்றினேன். உனக்குத் தெரிந்தால் அப்பா பரவாயில்லையே என்பாய் என்று பெருமை வேறு.

அது ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் தேடிவிட்டு, சிவப்புக் கட்டத்தில் ஒன்றைக் காட்டியது. பெயரும் இல்லை ஒன்றும் இல்லை, எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி. யார் செய்தது என்று தெரியவில்லை, ஆபத்தாக இருக்கலாம், நீக்கட்டுமா என்று கேட்டது. அடையாள அட்டை இல்லாமல் முதலாளியின் தம்பியே வந்தபோதும் வெயிலில் நிற்கவைத்தவன் நான். யோசிக்கவே இல்லை, நீக்கு என்று அழுத்தினேன். அதோடு விட்டேனா? எடுத்ததை ஒரு ஓரமாக அடைத்துத்தான் வைத்திருந்ததாம், நான் வேலையை முழுசாகச் செய்கிறவன் இல்லையா, சுத்தம் செய் என்று இருந்ததையும் அழுத்திவிட்டேன். பிறகு அம்மா வந்து உட்கார்ந்து தன் பொத்தான்களைத் தேடினாள். திரையில் நீ அவள் படத்தைப் போட்டு அதை வைத்திருந்த இடம் காலியாக இருந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் இரண்டு நாள் வந்து போராடிப் பார்த்தார். உங்க பொண்ணு உள்ளே இருந்த பாதுகாப்புக்கிட்ட இது நம்ம வீட்டு சாமான், தொடாதேன்னு சொல்லி வச்சிருக்காங்க, வெளியில இருந்து புதுசா ஒண்ணு வந்ததும் பழையது ஒதுங்கிக்கிச்சு, புதுசுக்கு வீட்டு ஆளையே தெரியல என்றார். வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள் என்று நான் நினைத்தேன், அது அப்படி இல்லையாம். அப்படியானால் எதிர்வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் அப்படி ஆனது என்று கேட்டேன். அவர் வந்த மெயிலை எல்லாம் திறந்தாரு சார், உள்ளே வான்னு கூப்பிட்டவருக்கு எந்தக் காவல் என்ன பண்ணும் என்றார். நான் வாங்கியதை எடுத்துப் போட்டுவிட்டு, பழையதை மறுபடி நிற்கவைத்துவிட்டுப் போனார். போனது போனதுதான், இதில் இனி கிடைக்காது என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வாள் என்று நீ கேட்கலாம், நோட்டில் எழுதியும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. காது கேக்கலையா உங்களுக்கு என்று ஒரு பொத்தான் இருந்ததே, அதை மூன்று முறை தட்டுவாள், நான்காவதுக்குத்தான் எழுந்து போவேன். வேண்டுமென்றே உட்கார்ந்திருப்பேன் மகளே, அந்தக் குரலில் திட்டு வாங்கத்தான். இப்போது வேண்டியதற்கு ஸ்பூனால் தட்டைத் தட்டுகிறாள், நான் முதல் தட்டுக்கே ஓடுகிறேன்.

இன்னொன்று எழுத வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. கடைசி வரிசையில் எழுத்தே இல்லாத ஒரு பொத்தான் இருந்தது. அது என்ன என்று கேட்டபோது நீயும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள், அது உங்களுக்குத்தான்பா, இப்ப வேண்டாம், அம்மாவே ஒருநாள் போட்டுக் காட்டுவாங்க என்றாய். நானும் என்ன அவசரம் என்று விட்டுவிட்டேன். நேற்றுக் காலை வெட்கத்தை விட்டு அம்மாவிடம் நோட்டை நீட்டி, அதில் என்ன சொல்லியிருந்தாய், எழுதிக் கொடு என்றேன். பேனாவை வாங்கினாள். எழுதினாள், அது எழுதுற விஷயம் இல்லைங்க, சொல்ற விஷயம் என்று.

பதிவு செய்தபோது பக்கத்தில் இருந்தவள் நீ. உன்னிடம் வேறு பிரதி இருக்கிறதா, அதை மட்டும் எழுது. இல்லையென்றால் இல்லை என்றே எழுது, அப்பா மனசு நோகும் என்று பூசி மெழுகாதே. அவள் என்ன சொன்னாள் என்று உனக்கு நினைவிருந்தாலும் எழுதாதே. ஈரத் தளத்தில் நடக்கும்போது பிடி நல்ல செருப்பைப் போட்டுக்கொள். நீ நீண்ட ஆயுளோடு, கரை சேரும் இடமெல்லாம் நல்ல மனுஷர்கள் சூழ நன்றாக இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். அம்மா முத்தம் கொடுக்கச் சொல்கிறாள், உதட்டைக் குவித்துக் காட்டுகிறாள்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அப்பா