கான் தூர்ந்த மலை

டயகம
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள பிரதாப்,

போதிய காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. வாட்ஸ்அப்பில் எழுதினால் அடுத்த நிமிடமே உங்கள் செயலாளர் கிஷாந்துக்கு அனுப்பிவிடுவாய், அதனால்தான் தபால்.

மேட்டு லயத்து வீடுகளுக்கு மேலே கைவிடப்பட்ட தேயிலை மலையை உங்கள் காடு காக்கும் நிதியம் வாங்கியபோது நானும் மகிழ்ந்தேன். லயத்துச் சனங்கள் ஆளுக்கு ஒருநாள் சம்பளம் கொடுத்தார்கள். லண்டனில் நீ நடைபவனி வைத்துப் பணம் திரட்டினாய். ஆனால் அந்த மண்ணில் மண்வெட்டியே படக்கூடாது என்று விதி போட்டீர்களே, அதுதான் பிழை. துரைமார் காலத்திலிருந்து மழைக்கு முன் அந்தச் சரிவில் வடிகான் வெட்டித் தண்ணீரை ஓடைக்குத் திருப்புவார்கள். இப்போது கான்கள் தூர்ந்துவிட்டன. தண்ணீர் மலைக்குள்ளேயே இறங்குகிறது. லயத்தின் பின்சுவரில் விரல் நுழையும் வெடிப்பு.

என் தங்கை ஷிராணியும் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். கான் வெட்ட அனுமதி கொடு.

பத்திநாதன்

*

லண்டன்
21 ஒக்டோபர் 2024

அன்பின் பத்தி,

நலம்தானே? கிஷாந்திடம் கேட்டேன். "பழைய வெடிப்புண்ணே, சார் சும்மா பயங்காட்டுறாரு" என்கிறான்.

கோபிக்காதே. செயலாளர் பொறுப்பை உனக்குத் தராமல் அவனுக்குக் கொடுத்ததிலிருந்து நிதியத்தைப் பற்றி நீ ஒரு நல்ல சொல் எழுதியதில்லை. வேலி கோணல் என்றாய். நாற்றெல்லாம் பட்டுப்போகும் என்றாய், தழைத்து நிற்கின்றன. மண்ணைத் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் இங்கே பணம் வாங்கினோம். டிசம்பரில் நிதி திரட்டும் நிகழ்ச்சி முடியட்டும், பேசலாம்.

ஷிராணிக்கு என் அன்பைச் சொல்.

உன் பிரதாப்

*

டயகம
3 நவம்பர் 2024

பிரதாப்,

மழை விடவில்லை. நேற்று லயத்துக்குப் போனேன். கதவுகள் நிலையில் பொருந்த மறுக்கின்றன. குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணீர் சேறாக வருகிறது. ஷிராணியைப் பிள்ளைகளோடு கிளம்பச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் காம்பிராவிலிருந்து அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க சார், செக்கட்டரி வேல கெடைக்கலன்னு மலையவே தள்ளி விடுறீங்களா?"

வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். ஷிராணியும்தான். "நாங்க காசு குடுத்து வளக்குற காடுண்ணே. அது எங்க மேலயா விழும்?" என்றாள்.

எனக்கு மலையைவிட அந்தச் சிரிப்புத்தான் பயமாக இருந்தது. உன்மேல் உள்ள கோபம் எனக்குப் போகவில்லை, போகப்போவதுமில்லை. அந்தப் பொறுப்புக்கு நான்தான் தகுந்தவன். ஆனால் வெடிப்பு என் கோபத்தைக் கேட்டுக்கொண்டா அகலுகிறது?

மண்சரிவு பார்க்கும் அதிகாரிகளுக்குச் சிங்களத்தில் எழுதி, படங்களும் சேர்த்துவிட்டேன். உடனே வந்து சனங்களை இறக்கச் சொல்லியிருக்கிறேன். இதை நீ வாசிக்கும்போது அவர்கள் வந்து போயிருக்க வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்று எழுதக் கை வரவில்லை.

அந்தக் கடிதத்தின் அடியில் வழக்கம்போல் பெயர் எழுதினேன். பிறகு யோசித்தேன். பெயரைப் பார்த்ததும் நிதியத்துக்கு ஒரு போன் போகும். "அவரா? அவரு அப்படித்தாங்க" என்பான் கிஷாந்த். அதோடு கோப்பை மூடிவிடுவார்கள்.

கடைசித் தாளைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். டயகம தபால் முத்திரையும் வேண்டாம். இப்போதே பஸ் ஏறி அதை நானுஓயாவில் போடப்போகிறேன், கையெழுத்து இல்லாமல்.