ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்த வருடம்

அன்பு மச்சான் சாதிக், நம் பட்டியலின் மறுபாதியே,

ஜனவரி பிறந்தால் நம் இணையப் பக்கத்தில் இரண்டு பதிவு வரும். ஒன்று, போன வருடத்தின் சிறந்த பத்து ஜப்பானிய அனிமே தொடர். இன்னொன்று, புது சீசனின் முதல் எபிசோடுகளை வைத்து நாம் போடும் சண்டை. இந்தத் தடவை இரண்டும் வரவில்லை. படிக்கிறவர்கள் கேட்கிறார்கள். அதனால் அவர்கள் கண் முன்னாலேயே உனக்கு எழுதுகிறேன். அவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயமும் இதில் இருக்கிறது.

முதலில் புது சீசன். லாரி அடித்து வேறு உலகத்துக்குப் போகிறவன் கதை மட்டும் ஐந்து. ஐப்பசி மழையில் கொசு கடித்து, டெங்குவில் ஆறே நாளில் போனவன் கதையை எவனும் எடுக்கவில்லை. நீ இருந்தால் இதற்குச் சிரித்திருப்பாய். டிராகனுக்குச் சோறு போட்டுக் கடை நடத்துகிறவன் ஒருவன் வந்திருக்கிறான். சோறு நன்றாக வெந்திருக்கிறது, கதை வேகவில்லை. கைப்பந்து ஆடும் பெண்கள் கதை ஒன்றில், பந்து மேலே போகப் போகத் தரையில் அதன் நிழல் மங்குகிறது. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து வரைந்திருக்கிறார். உனக்குப் பிடிக்கும்.

இப்போது அந்தச் சங்கு கதை. நீ ஒன்பது போட்டாய், நான் முதல் எபிசோடோடு நிறுத்திவிட்டு நாலு போட்டேன். பனிமூட்டம் விலகாத ஒரு தீவு. படகுகளுக்கு வழி தெரிவதற்காக ஒரு பெண் சங்கு ஊதுகிறாள். மில் சங்கு மாதிரி ஊரே கேட்கிற சங்கு. கதை அவ்வளவுதான்.

மார்க்கைத் தனித்தனியாகப் போட வேண்டும், வித்தியாசம் மூன்றைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து மறுபடி பார்க்க வேண்டும். விதி நீ போட்டது. நாலு வருடத்தில் அதற்கு வேலையே வரவில்லை. அவரவர் போனில் பார்த்தோம், அவரவர் எழுதினோம். முதல் தடவையாக ஐந்து மார்க் இடித்தது. "வர்ற ஞாயித்துக்கெழம பாக்கலாம்டா" என்றேன். அந்த ஞாயிறு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். அங்கிருந்து போனிலேயே நம் மார்க் ஷீட்டில் ஒரு வரி எழுதினாய்: "ஏழாவது எபிசோடு, பதினாலாவது நிமிஷம். வாய மூடிக்கிட்டுப் பாருடா." உன் கடைசி வரி அது. எட்டாவது எபிசோடு வர இரண்டு நாள் இருக்கும்போது போய்விட்டாய்.

அரியாங்குப்பத்திலிருந்து சேதராப்பட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்தேன். அவள் சங்கு ஊதுகிறாள். ஜன்னலில் நிற்கிறாள். வெள்ளையாகப் பனி. மறுபடி ஊதுகிறாள். ஒரே படத்தை நிறுத்திவைத்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. ஆறு தடவை பார்த்தேன். இதற்கா ஒன்பது? காய்ச்சலில் உளறினாயா? உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பேசாமல் நானும் ஒன்பது போட்டு, முதலிடத்தில் வைத்து, கீழே உன் படத்தையும் போட்டுவிடலாம் என்று ஆசை வந்தது. யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் இரக்க மார்க் போடுகிறவன் கையை ஒடிக்க வேண்டும் என்று சொன்னவன் நீ. அதனால் விதிப்படியே பார்த்துவிடலாம் என்று முல்லா வீதியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் இடத்தில் உட்கார உன் தங்கை நஸ்ரின் இருந்தாள்.

டிவியில் போட்டாள். ரிமோட் அவள் கையில். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"நெட் சரியில்லையா? இழுக்குதே."

"நல்லாத்தான்ணா ஓடுது."

"இல்ல, எல்லாரும் மெதுவாப் பேசறாங்க."

அவள் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ எந்த ஸ்பீடுல பாப்ப?"

"ஒன்றரை."

"எல்லாத்தையுமா? நாலு வருஷமாவா?"

"வேலைக்குப் போறவன் வேற எப்பிடிப் பாக்கறது?"

"அடப்பாவி! ஹீரோயின் மூச்சு விடாம பேசறான்னு எழுதினியே, அவ மூச்ச நீதான்ணா வெட்டியிருக்க! அண்ணனுக்குத் தெரியுமா இது?"

மச்சான், உனக்குத் தெரியாது. எனக்கே அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தெரியவில்லை.

பதினாலாவது நிமிடம் வந்தபோது உன் அத்தா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் யாரோ பழுதுபார்க்கக் கொடுத்த சூட்கேஸ். திரையில் அவள் சங்கு ஊதினாள், ஜன்னலுக்கு வந்தாள். பஸ்ஸில் கேட்காத ஒரு கடிகாரம் அவள் அறையில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே அலை.

"இந்தப் பொண்ணு யாருக்கு ஊதுது?" என்றார் அத்தா.

"படகுக்கு அத்தா. அவங்க பதிலுக்கு ஊதுவாங்க" என்றாள் நஸ்ரின்.

"ஊதலியே?"

"உஷ்!"

பதில் சங்கு வராத டிவியை மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். ஒரு நிமிடம் இருக்கும். என் கழுத்து தானாக முன்னால் நீண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். பதில் வரவில்லை. அவள் திரும்பிப் போய் மறுபடி ஊதினாள். பஸ்ஸில் பார்த்த அதே படம்தான், ஒரு கோடு மாறவில்லை. அப்படியானால் எனக்கு என்ன ஆயிற்று? நீ கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டதும் இதைத்தானா?

எபிசோடு முடிகிறவரை அத்தா ஒற்றைச் செருப்போடு நின்றார். "அந்தப் படகு வந்துச்சா, இல்லியா?"

"அது எட்டாவதுலதான் தெரியும் அத்தா."

"அவன் அத பாத்தானா?"

"இல்ல."

சூட்கேஸைக் கை மாற்றிக்கொண்டார். "வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சிட்டு வரேன். நான் இல்லாம போட்டுடாதீங்க."

நான் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவன். ஒரு கருவி தப்பாகக் காட்டுகிறது என்று தெரிந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டுப் போக முடியாது. அதை வைத்துப் பாஸ் பண்ணின அத்தனை உருப்படியையும் திரும்ப வரவழைத்து மறுபடி அளக்க வேண்டும். இதைத் தினமும் பத்துப் பேரிடம் கத்துகிறேன். என் கருவியை நான் சோதித்ததே இல்லை.

ஆகவே, படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நாலு வருடமாக நான் போட்ட மார்க் அத்தனையும் செல்லாது. ஷீட்டில் என் பத்தியை முழுக்க அடித்துவிட்டேன். உன் பத்தி அப்படியே இருக்கிறது. போன வருடத்துச் சிறந்த பத்து இப்போதைக்கு இல்லை. ஒவ்வொன்றாக மறுபடி பார்த்து முடித்த பிறகுதான். புது சீசன் பற்றி மேலே எழுதியதும் ஒன்றரை மடங்கில் பார்த்ததுதான், அதையும் நம்பாதீர்கள். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

சங்கு கதைக்கு என்ன போடுவேன்? தெரியவில்லை. ஒன்பது கொஞ்சம் ஜாஸ்திடா. பனி வரைந்ததில் சோம்பேறித்தனம் உண்டு. அதில் நான் மாறவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தை எப்படி அளப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் உட்காருகிறோம். நானும் எட்டாவதைத் தொடவில்லை. ரிமோட் நஸ்ரினிடமே இருக்கும், வேகத்தில் கை வைக்க மாட்டேன். இது சத்தியம். இன்னொரு சத்தியமும் செய்கிறேன். அந்தப் படகு வந்ததா இல்லையா என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஸ்பாய்லர் சொன்னால் இரண்டு நாள் பேசமாட்டாய் நீ.

திட்டுவதற்காவது நீ எதிரில் இல்லாத
உன் மச்சான்,
கதிர்