நான் நீக்கச் சொன்ன காட்சி

அக்டோபர் 4, வெள்ளி

ஆறாம் பகுதியின் வசனத்தாள் வந்தது. கொரியத் தொடர் ஒன்றை டோக்கியோவுக்குத் தோதாக மாற்றி எடுக்கிறார்கள். சட்டத்தில் தப்பு இருந்தால் சொல்வது என் வேலை. நன்றாகவே மாற்றியிருக்கிறார்கள். மூலத்தில் வக்கீல்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இதில் நம் டோக்கியோ நீதிமன்றம் போலவே காகிதம் புரட்டும் சத்தம் மட்டும்.

ஒரே ஒரு காட்சி உறுத்தியது. காவலில் இருப்பவன் மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன் என்கிறான். பெண் வக்கீலும் "எழுதாதே" என்கிறாள். எழுதினால் சீக்கிரம் வீடு, இல்லாவிட்டால் வழக்குப் போடும் முன்பே இருபத்து மூன்று நாள் உள்ளே. இங்கே எந்த வக்கீல் அப்படிச் சொல்வாள்? சிவப்பு மையில் கோடு போட்டேன்.

கதாசிரியர் ஹதானோ போனில் இழுத்தார். "மேடம், கதையே அந்த சீன் மேலதான் நிக்குது."

"கொரியாவுல நிக்கட்டும். இங்க எடுத்தா வக்கீலுங்க கைகொட்டிச் சிரிப்பாங்க."

முப்பது வருட வக்கீல் அனுபவம் என்று வேறு பீற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 7, திங்கள்

மாற்றிவிட்டார். இப்போது வக்கீலே தாளை உள்ளே அனுப்பி எழுத வைக்கிறாள். திருப்தி.

அக்டோபர் 13, ஞாயிறு

பொழுது போகாமல் கொரிய மூலத்தை மறுபடி பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

குவாபாராவின் ஞாபகம். பதினெட்டு வருடமாகிறது. என் கட்சிக்காரர், பஸ் டிரைவர். ரயில் நிலையப் படிக்கட்டில் குடிகாரர் ஒருவரைத் தள்ளிவிட்டதாகப் பிடித்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "வெளிய வரணுமா வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க." மன்னிப்புக் கடிதம் எழுதினார். நான்காம் நாள் விட்டுவிட்டார்கள், வழக்கும் போடவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்தக் கடிதத்தைக் காரணம் காட்டித்தான் பஸ் கம்பெனியில் அவரை வேலையை விட்டு எடுத்தார்கள்.

சே. அந்தக் கோட்டை நான் ஏன் போட்டேன்? எனக்கே தெரியாமலா?

அக்டோபர் 15, செவ்வாய்

அந்தக் காட்சியைப் பழையபடி வைக்க முடியுமா என்று ஹதானோவிடம் கேட்டேன்.

"நேத்தே எடுத்தாச்சே மேடம். நடிகர் நிஜமாவே அழுதுட்டாரு. டைரக்டருக்கு ஒரே குஷி. எல்லாம் உங்க புண்ணியம்."

நவம்பர் 8, வெள்ளி

ஒளிபரப்பாகிவிட்டது. "அசல் நீதிமன்றத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். உண்மைதான். நாற்காலி, உடை, குனிந்து வணங்குவது — ஒரு பிசகு கிடையாது. உயிர்தான் இல்லை. மூலத்தில் அவனை நம்ப ஒருத்தி இருந்தாள். இதில் ஒருவரும் இல்லை. அவளை வெளியே அனுப்பியது நான். முடிவில் என் பெயர் வந்தபோது டிவியை அணைத்தேன்.

நவம்பர் 16, சனி

குவாபாராவைத் தேடிக் கவாகுச்சிக்குப் போனேன். ஒரு பணிமனையில் பஸ் கழுவுகிறார். எனக்கு டப்பாக் காப்பி வாங்கிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"டிவில பார்த்தேன் வக்கீலம்மா. உங்க பேர் வந்துச்சு. அச்சு அசல் அப்படியேதான் இருந்துச்சு. அந்தம்மாவும் கடைசி வரைக்கும் அவன்கிட்ட கேக்கவே இல்ல பாருங்க."

"என்னது?"

"செஞ்சியா இல்லையான்னு."

முகத்தைப் பார்க்க முடியவில்லை. காப்பி டப்பாவைப் பார்த்தபடியே கேட்டேன். "நீங்க தள்ளினீங்களா?"

"இல்லீங்க," என்றார். "விழறாரேன்னு பிடிக்கப் போனேன்."

அடுத்த பஸ் உள்ளே வந்தது. வாளியை எடுத்துக்கொண்டு போனார்.