ஞாயிறன்று மிதந்த முட்டை

செப்டம்பர் 2, திங்கள்

முட்டை வந்து இறங்கிவிட்டது! ஊரே அப்படித்தான் பெயர் வைத்துவிட்டது. கேமராவும் விளக்கும் அடைத்த தடித்த கண்ணாடி உருண்டை, உச்சியில் ஆரஞ்சுக் கொடி, அடியில் இரும்பு எடை. கடலில் போட்டால் தரைக்குப் போய் உட்காரும். எட்டு மணி நேரம் படம் பிடிக்கும். குறித்த நேரத்தில் எடையைக் கழற்றிவிட்டுத் தானே மேலே வரும். பெரிய கப்பல் வேண்டாம், கிரேன் வேண்டாம், ஃபிலிமோனே மாமாவின் படகு போதும்.

மீன்வளத் துறையில் எனக்குப் பதினான்கு வருஷம். ஒருமுறை வெளிநாட்டு ஆய்வுக் கப்பலில் மூன்று வாரம் 'பார்வையாளராக' ஏற்றினார்கள். எங்கள் கடலடியைத்தான் படம் பிடித்தார்கள், ஆனால் திரை இருந்த அறைக்குள் என்னை விடவில்லை. இறங்கும்போது ஒரு தொப்பி கொடுத்தார்கள். இப்போது முட்டை என் கையில். ஆண்டவரே, நன்றி.

செப்டம்பர் 4, புதன்

முட்டையை அனுப்பிய டாரில் ஹவாயிலிருந்து திரையில் வந்து சொல்லிக்கொடுத்தார். பொறுமைசாலி. மேலே வரும் நேரத்தை அங்கிருந்தே குறித்துவிட்டார்: சனி காலை பத்து. நேரம் எழுதிய தாளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

செலவைக் குறைக்க, இருக்குமிடம் சொல்லும் கருவி வைக்கவில்லையாம். கொடியைக் கண்ணால் தேட வேண்டியதுதான். "தொலைஞ்சா இன்னொண்ணு கிடையாது ஹெபிசிபா. ஒன்பது தீவு நாடு வரிசையில நிக்குது" என்றார். ஒன்பது தீவுக்கும் இது ஒன்றுதான்.

செப்டம்பர் 6, வெள்ளி

இறக்கினோம். கிழக்கே, ஆயிரத்து நூறு மீட்டர் ஆழம். "சூரைத் தலையை இரையா கட்டிட்டு வெறுங்கையோட திரும்புற மீனவன் நான் ஒருத்தன்தான்" என்றார் மாமா. சும்மா புலம்பல். அக்காள் மகள் கேட்டால் தாய்மாமன் மறுக்கக் கூடாது, டோங்காவில் அது எழுதாத சட்டம். சின்ன வயதில் அவர் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றவள் நான்.

செப்டம்பர் 7, சனி

வரவில்லை. பத்து, பதினொன்று, மதியம் இரண்டு — கடல் வெறும் கடலாகவே கிடந்தது. கண் எரிகிறது.

மாலை டாரிலைக் கூப்பிட்டேன். கேட்டதும் கத்திவிட்டார். "ஐயோ, நான் எங்க ஊர் சனிக்கிழமைக்கு வெச்சுட்டேன்."

நாள் மாறும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர். இரண்டு பக்கமும் மணி ஏறக்குறைய ஒரே மணிதான், நாள் மட்டும் வேறு. மணியைப் பார்த்தேனே, நாளைப் பார்த்தேனா? அவருக்குச் சனி என்றால் எங்களுக்கு ஞாயிறு. நாளைக் காலை முட்டை மேலே வந்துவிடும். ஞாயிறன்று எங்கள் நாட்டில் ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது, சட்டமே அப்படி. திங்கள் விடிவதற்குள் காற்று அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்குமோ!

மாமாவிடம் போய்ச் சொன்னேன். வலையைக் கீழே வைத்தார்.

"நீ கேட்டா நான் படகை எடுத்துத்தான் ஆகணும் புள்ள. கேக்குறியா?"

பாடகர் குழுவை நடத்துபவர் அவர். நாளை பிரசங்கமும் அவர்தான். போலீஸ் பிடித்தால் அபராதத்தோடு போகும், ஊர் முகத்தில் எப்படி விழிப்பார்? ஆனால் கேட்டால் போவார், முகம்கூடச் சுளிக்க மாட்டார். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இல்ல மாமா. கேக்கல."

வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். போச்சு. எல்லாம் போச்சு.

செப்டம்பர் 8, ஞாயிறு

எப்படி எழுதுவேன் இதை!

மாமா விஷயத்தைப் போதகர் லிசியாதே காதில் போட்டிருக்கிறார். ஆராதனை முடிவில் போதகர் அறிவித்தார்: "நம்ம ஹெபிசிபாவோட முட்டை இன்னிக்குக் கடல்ல மிதக்குது. படகு இறங்கக் கூடாது, சரி. பாக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? சாப்பாட்டைக் கட்டிக்கிட்டுப் பாறைக்கு வாங்க."

கறுப்பு உடை, கோயிலுக்கு எங்கள் வழக்கப்படி இடுப்பில் கட்டிய பாய், கையில் சேம்பிலைப் பொதிகள் — அப்படியே எல்லாரும் கிழக்குப் பாறை ஏறினார்கள். திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களுக்கு விடுதி நடத்தும் வாசிதி தன் தொலைநோக்கிகளையெல்லாம் அள்ளி வந்தாள். கொடியை முதலில் பார்த்தவளும் அவள்தான். "அதோ! உன் முட்டை கூத்தாடுது பாரு!"

ஆண்கள் வடக்கு முனையில், பெண்கள் தெற்கு முனையில். மணிக்கொரு முறை இரண்டு பக்கமும் போன் திசைகாட்டியைப் பார்த்து, கொடி இருக்கும் திசையைப் பாட்டுத்தாளின் பின்பக்கம் குறித்தோம். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் முட்டை.

"ஞாயித்துக்கிழமையில எழுதறது வேலை இல்லையா ஐயா?" என்று எங்கள் பக்கம் வந்த போதகரை வாசிதி சீண்டினாள்.

"பாட்டுத்தாள்லதானே எழுதுறே. ஆராதனைக் கணக்குல சேத்துக்கறேன்" என்றார் போதகர்.

இருட்டும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நடுநடுவே பாட்டு வேறு. இவ்வளவு பேர் எனக்காகவா? என்ன செய்துவிட்டேன் இவர்களுக்கு?

செப்டம்பர் 9, திங்கள்

வடமேற்கே, கோடுகள் வெட்டிய இடங்கள் நகர்ந்த போக்கில் போனோம். ஒன்பது நாற்பதுக்குக் கொடி. மேலே ஒரு கடற்பறவை சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. "இறங்குடா, அடை காத்தது போதும்!" என்று மாமா கத்தினார். உருண்டையில் ஒரு கீறல்கூட இல்லை. கட்டிப்பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஆராதனைக் கூடத்தில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்டோம். வெண்மணல். சூரைத் தலையைச் சுற்றி விலாங்குகள், கண்ணாடி போல் இறால்கள். பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒரு சுறா, என் படுக்கை நீளத்துக்கு இரண்டு மடங்கு, கேமராவை மூக்கால் இடித்தது. கூடமே அலறியது, அப்புறம் ஒரே சிரிப்பு.

"இது எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று கேட்டாள் வாசிதி.

கணக்குப் போட்டுச் சொன்னேன்: "இங்கேருந்து உன் விடுதி தூரம்தான். அதையே கடலுக்குள்ள நேரா கீழே இறக்கிப் பாத்துக்கோ."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

செப்டம்பர் 20, வெள்ளி

படங்கள் கடலடிப் படங்களுக்கான உலகப் பொதுத் தொகுப்பில் ஏறின. 'எடுத்தவர்கள்' என்ற இடத்தில் பாறையில் நின்ற எண்பத்தாறு பேரையும் போட்டேன். இவ்வளவு பெயர் ஏன் என்று தொகுப்பை நடத்துபவர்கள் கேட்டார்கள். ஒன்றையும் எடுக்க மாட்டேன் என்று எழுதிவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

டாரில் கடிதம். முட்டை அடுத்து துவாலு தீவு நாட்டுக்குப் போகிறது. சொல்லிக்கொடுக்க அவர் வரவில்லையாம், என்னைப் போகச் சொல்கிறார்.

மார்ச் 11, செவ்வாய். ஃபுனாஃபுடி, துவாலு

முதல் வகுப்பு. இரண்டு பெண்கள், இருவரும் மீன்வளத் துறை. நோட்டும் பேனாவுமாக எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். முட்டையை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

"உங்க ஊர்ல எந்தெந்த நாள் கடலுக்குப் போகக் கூடாது?" என்று கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரம் ஓயவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.