செலாத் அணியின் வலது பக்கம்

ஏப்ரல் 6, 2025. ஞாயிறு

மாலை செலாத் பெண்கள் கால்பந்து அணியின் நட்பு ஆட்டம். 2-0 வெற்றி. எதிரணி சுமார். யோகேஸ்வரி முழு நேரமும் வலது பக்கம் ஆடினாள். என் மகள் என்பதற்காகக் கூட்டவும் இல்லை, பயந்து குறைக்கவும் இல்லை. பத்துக்கு ஆறு.

வழக்கம்போல் எல்லாருக்கும் மதிப்பெண் போட்டு ஆதரவாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். யோகேஸ்வரியின் பெயருக்கு நேராக மட்டும் கோடு. அவளுக்கான எண் இந்த நோட்டில்தான் இருக்கும். அவளும் கேட்டதில்லை. வார நாட்களில் பாசிர் கூடாங் ஆலையில் செம்பனை எண்ணெயைச் சோதிக்கிறேன், வார இறுதியில் மனிதர்களை. குழுவின் தலைவர் சதாசிவம் அண்ணன் தம்போயில் டயர் கடை வைத்திருக்கிறார். "மூர்த்தி மார்க் போட்டா லேப் ரிப்போர்ட் மாதிரி லா" என்பார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இங்கே ஒப்புக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

அணி நிர்வாகம் இந்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து மூன்று இறக்குமதி ஆட்டக்காரர்களை எடுக்கிறதாம். அவர்களுக்குச் சம்பளம், கார், பெர்மாஸ் ஜெயாவில் அடுக்குமாடி வீடு. நம் பெண்களுக்குப் பயிற்சிக்கு வந்துபோகப் பெட்ரோல் காசு. திறமையை வாங்கத் தெரியும், வளர்க்கத் தெரியாது. பத்து வருடமாக இதைத்தான் சொல்கிறேன். எல்லாரும் தலையாட்டுவார்கள், அத்தோடு சரி.

ஏப்ரல் 14. திங்கள்

புத்தாண்டு. விடுப்பு கிடைக்கவில்லை. மாலை மூவரும் கோவிலுக்குப் போனோம். யோகேஸ்வரி அர்ச்சனை முடிவதற்குள் பயிற்சிக்கு ஓடிவிட்டாள். என் மனைவி வாசுகிக்குக் கோபம். எனக்கு இல்லை.

ஏப்ரல் 19. சனி

லீக்கின் முதல் ஆட்டம். ஆலையில் எனக்குக் கூடுதல் ஷிப்ட், போக முடியவில்லை. எட்டரை மணிக்கு வாசுகி அழைத்தாள். "புள்ளைய எறக்கவே இல்லீங்க. பெஞ்சுலயே உக்கார வச்சிட்டாங்க." வலது பக்கம் மரிசெல் என்று ஒருத்தி. பிலிப்பைன்ஸ். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

என்ன நியாயம் இது? மூணு வருஷம் மழையிலயும் வெயிலிலயும் மோட்டார் சைக்கிள்ல பயிற்சிக்குப் போனவ பெஞ்சுல. நேத்து பிளேன்ல வந்து எறங்கினவ திடல்ல. கிளினிக்ல பகல் முழுக்க மருந்து எடுத்துக் குடுத்துட்டு அப்படியே பயிற்சிக்குப் போற புள்ள அது. ஒரு நாள் வராம இருந்திருக்கா?

கேண்டீனில் உட்கார்ந்தபடி குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். காசைக் கொட்டி நம் பிள்ளைகளின் திறமையை மூடுகிறார்கள், என் மகள் அந்தப் பெண்ணைவிட எதில் குறைந்துவிட்டாள், இப்படியெல்லாம். இரண்டு நிமிடம் இருக்கும். அனுப்பியதும் லேசாக இருந்தது.

ஆட்டத்தை நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 22. செவ்வாய்

பதிவு குழுவைத் தாண்டிப் போய்விட்டது. யாரோ யோகேஸ்வரியின் படத்தைச் சேர்த்து, சோகமான இசை போட்டு, முகநூலில் ஏற்றியிருக்கிறார்கள். நாலாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். ஆலை வாசலில் காவலர்கூட, "அது நீங்கதானா?" என்று கேட்டார்.

யோகேஸ்வரி வந்து சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், படுக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 26. சனி

இன்று பார்த்தேன். மரிசெல்லை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு போனேன், குறை கண்டுபிடிக்கத்தான்.

முப்பத்தொரு முறை பந்து அவள் காலுக்கு வந்தது. இழந்தது நான்கு முறை. நட்பு ஆட்டத்தில் யோகேஸ்வரிக்கு வந்தது இருபத்தாறு, இழந்தது பதினொன்று. எண் ஒரு பக்கம் இருக்கட்டும். பந்து வருவதற்கு முன்பே அந்தப் பெண் தலையைத் தூக்கி, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிடுகிறாள். யோகேஸ்வரி பந்து வந்த பிறகுதான் பார்க்கிறாள். மூன்று ஆண்டுகளாகப் பார்க்கிறேன், இது இன்றுதான் என் கண்ணில் பட்டது.

மரிசெல்தான் மேல். கொஞ்சம் இல்லை, நன்றாகவே மேல். எட்டு.

எண்பதாவது நிமிடம் மரிசெல்லை எடுத்துவிட்டு யோகேஸ்வரியை இறக்கினார்கள். நம் ஆட்கள் யோகேஸ்வரி பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். வெளியே வந்த மரிசெல்லைப் பார்த்துக் கேலிக் கூச்சல். அவள் கோட்டருகே நின்று யோகேஸ்வரியின் கையைத் தட்டிவிட்டுப் போனாள். யோகேஸ்வரி பார்வையாளர் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 27. ஞாயிறு

காலையில் சமையலறைக்கு வந்தாள்.

"அப்பா, அன்னிக்கு மேட்ச் பாக்காமத்தானே பேசினீங்க?"

ஆமாம் என்றேன்.

"கோச் என்னக் கூப்பிட்டு, இது உன் வேலையான்னு கேட்டாங்க. அடுத்த சனிக்கிழமை உங்க குழுவுல என் மூஞ்சியப் போட்டு பேனர் கட்டப் போறாங்களாம். அது மட்டும் கட்டினாங்கன்னா நான் முடிஞ்சேன். டீம்ல ஒருத்தியும் என்கூடப் பேச மாட்டா. நீங்க ஆரம்பிச்சது, நீங்களே நிறுத்துங்க."

நிறுத்துகிறேன் என்றேன். கதவுவரை போனவள் நின்றாள். "நேத்து பாத்தீங்கல்ல. மரிசெல் ஆட்டம்..." நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம்ப்பா. இப்ப சொல்லாதீங்க" என்று போய்விட்டாள்.

ஏப்ரல் 29. செவ்வாய்

டயர் கடைக்குப் போய்ச் சதாசிவம் அண்ணனிடம் பேனர் வேண்டாம் என்றேன். அச்சடித்துச் சுருட்டி மூலையில் வைத்திருந்தார்.

"இது உன் பொண்ணு விஷயம் மட்டும் இல்ல மூர்த்தி. கொள்கை. நீதானே எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தே? இப்ப சும்மா நிறுத்துன்னா எவன் நிறுத்துவான்? காரணம் சொல்லு."

காரணம் கேட்டார், சொன்னேன். கடை வாசலில் நின்றே குழுவுக்கு இன்னொரு பதிவு. நாற்பத்தெட்டு விநாடி. 'முதலில் பேசியபோது நான் ஆட்டத்தைப் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்துவிட்டேன். மரிசெல்லுக்கு எட்டு, என் மகளுக்கு ஆறு. அவளை உட்கார வைத்தது சரிதான். பேனர் வேண்டாம்.'

பேனர் நின்றுவிட்டது. பிழையைத் திருத்திவிட்ட நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 30. புதன்

நேற்றைய பதிவும் முகநூலுக்குப் போய்விட்டது. கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருந்த ஒருவர் அதைத் தன் போனில் ஓடவிட்டு, "இது நீயாம்மா?" என்று யோகேஸ்வரியிடமே கேட்டிருக்கிறார்.

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. "நான் கேக்காதத நாலாயிரம் பேருக்குச் சொல்லியிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான்.

வாசுகியிடம், "உண்மையைத்தானே சொன்னேன்" என்றேன்.

"உண்மையச் சொல்றதுக்கு வீட்டுல ஆள் இல்லையா?"

மே 4. ஞாயிறு

யோகேஸ்வரி பெர்மாஸ் ஜெயாவுக்குப் போய்விட்டாள். இறக்குமதிக்காரர்களுக்கு எடுத்த வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம், நிர்வாகம் தங்கிக்கொள்ளச் சொன்னதாம். வீண் செலவு என்று நான் எத்தனையோ முறை திட்டிய வீடு. இரண்டு பைகள், காலணிகள். மோட்டாரில் இரண்டு நடை. உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

மே 12. திங்கள்

விசாக விடுமுறை. வாசுகி காஹாங்கில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் போகவில்லை. மெகி நூடுல்ஸ் வேகவைத்துச் சாப்பிட்டேன்.

ஆட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மகள் இல்லாத வீடு நன்றாக இல்லை. இதற்கு எண் போடத் தெரியவில்லை.

மே 31. சனி

திடலுக்குப் போனேன். நம் குழுவோடு உட்காராமல் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். யோகேஸ்வரி கடைசி இருபது நிமிடம் ஆடினாள். பந்து வருமுன் தலையைத் தூக்குகிறாள். எப்போதும் இல்லை, மூன்று முறைக்கு ஒரு முறை.

வாசுகிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பயிற்சி முடிந்த பிறகு மரிசெல் யோகேஸ்வரியை நிறுத்தி அரை மணி நேரம் தனியாகப் பந்து போடுகிறாளாம். "அந்தப் பொண்ணுக்கு என் மீன் சம்பல் ரொம்பப் பிடிச்சிருச்சாம். வாரா வாரம் குடுத்தனுப்புறேன்" என்றாள். என் வீட்டுச் சம்பல் வாரா வாரம் பெர்மாஸ் ஜெயா போவது எனக்கு இன்றுதான் தெரியும்.

வாங்குவது வேறு, வளர்ப்பது வேறு என்று பிரித்து வைத்துப் பேசிவந்தேன். வாங்கப்பட்டவள் வளர்க்கவும் செய்வாள் என்பது என் பத்து வருடப் பேச்சில் ஒரு முறைகூட வந்ததில்லை.

ஜூன் 14. சனி

சமநிலை. 1-1. யோகேஸ்வரியை இறக்கவில்லை.

ஜூலை 7. திங்கள்

ஆதரவு நிறுவனம் ஒன்று விலகிவிட்டதாம். நிர்வாகம் செலவைக் குறைக்கிறது. மூன்று இறக்குமதிக்காரர்களையும் பாதிப் பருவத்திலேயே அனுப்புகிறார்கள். குழுவில் ஒரே கொண்டாட்டம். கைதட்டும் படங்கள், பட்டாசுப் படங்கள்.

சதாசிவம் அண்ணன் அழைத்தார். "பாத்தியா மூர்த்தி? கடைசியில நீ சொன்னதுதான் நடந்துச்சு. வலது பக்கம் இனிமே நம்ம பொண்ணுதான்!"

நன்றி சொன்னேன். ஏப்ரலில் இதைத்தானே கத்திக் கேட்டேன்? இப்போது கையில் கிடைத்திருக்கிறது, சந்தோஷப்பட முடியவில்லை. நிர்வாகம் வாங்கும்போதும் யோசிக்கவில்லை, வெட்டும்போதும் யோசிக்கவில்லை. மரிசெல் பந்து போட்ட அந்த அரை மணி நேரம் அவர்களுடைய பட்டியலில் எந்த வரியிலும் இருந்திருக்காது.

ஜூலை 10. வியாழன்

ஆலையில் இருந்தபோது யோகேஸ்வரி அழைத்தாள். வீட்டைவிட்டுப் போய் அறுபத்தேழு நாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை கார் வேணும். மரிசெல் ஊருக்குப் போறாங்க. சாமான் நெறைய இருக்கு. செனாய் ஏர்போர்ட்ல விடணும்."

"நானே ஓட்டிட்டு வர்றேன்."

"சரி" என்றாள்.

ஜூலை 13. ஞாயிறு

மூன்று பெட்டி, ஒரு சோறு வேகவைக்கும் பானை, வாசுகி கொடுத்த இரண்டு பாட்டில் சம்பல். மரிசெல் பின்னால் உட்கார்ந்தாள். ஒல்லியான பெண், கணுக்காலில் கட்டு. அரைகுறை மலாயில், "எனக்கு எட்டு கொடுத்த அங்கிள் நீங்கள்தானே?" என்று சிரித்தாள். யோகேஸ்வரி சிரிக்கவில்லை.

விமான நிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன்.

திரும்பும்போது யோகேஸ்வரி முன்னால் உட்கார்ந்தாள். ஸ்கூடாய் தாண்டியதும், "அவங்க போனதாலதான் எனக்கு இந்த இடம். எனக்குத் தெரியும்ப்பா" என்றாள்.

"நான் தப்பு பண்ணிட்டேன்மா. மொதல்ல பாக்காமப் பேசினேன். அப்புறம் பாத்துட்டு, ஒன்கிட்ட சொல்ல வேண்டியத ஊருக்குச் சொன்னேன்."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெட்ரோல் லைட் எரியுதுப்பா" என்றாள்.

நிரப்பிவிட்டுக் கிளம்பிய பிறகு கேட்டாள்: "வர்ற சனிக்கிழமை வர்றீங்களா?"

"வரட்டுமா?"

"வாங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. என்கிட்ட மட்டும்."

ஜூலை 19. சனி

பாசிர் கூடாங்கில் ஆட்டம். 1-3 தோல்வி. யோகேஸ்வரி வலது பக்கம், முழு நேரமும்.

ஆட்டம் முடியும் முன்பே குழுவில் சதாசிவம் அண்ணன்: "மூர்த்தி, மார்க் எங்கே? இப்ப கோடு போட்டு ஏமாத்த முடியாது லா." இனி யாருக்கும் மதிப்பெண் போடுவதாக இல்லை என்று எழுதிவிட்டுப் போனை அணைத்தேன்.

வியர்வையும் புல்லுமாக வந்து காரில் ஏறினாள். "ம்" என்றாள். சொன்னேன். முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை, பார்த்ததைப் பார்த்தபடி. இரண்டாவது கோல் அவள் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். இரண்டு இடத்தில் மறுத்துப் பேசினாள். ஒன்றில் அவள் சொன்னதுதான் சரி.

பெர்மாஸ் ஜெயாவுக்கும் நம் வீட்டுக்கும் வழி பிரியும் இடம் வந்தது. சிக்னல் போட்டு இடது பக்கம் ஒதுங்கினேன்.

"நேராப் போங்கப்பா" என்றாள்.